ஏரிக்குக் கீழே மனை, கானாற்றை ஒட்டி வீடு: வெள்ளம் பற்றிய கேள்வி பதில்

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் கேட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பாசனப் பிரிவில் ஏரி, கால்வாய் என்று அலைந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

காட்பாடி பக்கம் ஒரு ஏரிக்குக் கீழே மனை பார்த்திருக்கிறோம் ஐயா. வெள்ளம் வருமா வராதா, எப்படித் தெரிஞ்சிக்கிறது?

எல்லாரும் ரோட்டில் நின்று மனையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஏரிக்கரை மேல் ஏறுங்கள். ஏரி நிரம்பினால் எந்தப் பக்கம் கோடி போகும், அதாவது வழிந்து வெளியேறும் என்று அங்கே ஆடு மேய்க்கிறவரைக் கேட்டாலே காட்டுவார். கோடியிலிருந்து கால்வாயோடு கீழே நடங்கள். முதலில் பத்தடி அகலம் இருக்கும், கொஞ்ச தூரத்தில் நாலடி ஆகும், அப்புறம் ஒரு காம்பவுண்டு சுவரில் போய் முட்டி நின்றுவிடும். ஏரி நிரம்பும் வருடம் தண்ணீர் அந்த இடத்தில்தான் ஊருக்குள் புரளும். உங்கள் மனை அதற்கு மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா?

அடுத்தது தாலுகா ஆபீஸ். நிலத்தின் எல்லை காட்டும் புல வரைபடமும், எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் அ-பதிவேடும் வாங்குங்கள். மனைக்குள்ளோ பக்கத்திலோ வாய்க்கால், ஓடை, ஏரி உள்வாய் (ஏரியின் நீர் நிற்கும் பகுதி) என்று எழுதியிருந்தால், விலை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வேண்டாம்.

மூன்றாவதாக அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற வீடுகளில் காவிநிறக் கோடு ஒன்று விழுந்திருக்கும். முன்பக்கம் பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள், பின்பக்கமோ மாட்டுக் கொட்டகையிலோ அது அப்படியே இருக்கும். கொத்தனாரிடம் டியூப் லெவல் (தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் குழாய்) வாங்கி, அந்தக் கோட்டின் மட்டத்தை உங்கள் மனை மூலையில் ஒரு குச்சி நட்டுக் குறியுங்கள். வீட்டுத் தரை அந்தக் குறிக்கு இரண்டடி மேலே வரவேண்டும். அதற்குக் கொட்டி மேடாக்கும் கிராவல் மண் செலவையும் மனை விலையோடு கூட்டிப் பாருங்கள்.

நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம் 2021லயே வந்துட்டுது. பாலாறும் முக்கால்வாசி நாள் மணலாத்தான் கெடக்குது. இனிமே என்ன சார் பயம்?

நூறு வருட வெள்ளம் என்றால், வந்து போனபின் நூறு வருடம் லீவு என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு புதிதாக இருக்கிறது. முப்பது வருட வீட்டுக் கடன் முடிவதற்குள் அது ஒரு தடவையாவது வருவதற்கு 26 சதவீதம் வாய்ப்பு. ஏறக்குறைய நாலில் ஒன்று.

காய்ந்த ஆற்றை நம்பவே நம்பாதீர்கள். பாலாறு பிறப்பது கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம். அங்கே பெய்வது இங்கே நமக்குத் தெரியாது. 1903 நவம்பரில் மைசூர் சீமையில் ஏரிகள் உடைந்து வந்த தண்ணீர்தான் வாணியம்பாடியில் பல உயிர்களைக் கொண்டுபோனது. மழை எவ்வளவு தண்ணீராகும் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு சதுர கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டாயிரம் லோடுக்கும் மேல்.

அண்ணா, எங்களுது பேரணாம்பட்டு. வீட்டுப் பின்சுவரை ஒட்டியே கானாறு போகுது. மண் வெச்சுக் கட்டின பழைய சுவர். பிள்ளைங்க அந்த ரூம்லதான் படுக்குதுங்க.

இன்று ராத்திரியே பிள்ளைகளை முன் அறைக்கு மாற்றிவிடுங்கம்மா. 2021 நவம்பர் 19 அன்று உங்கள் ஊர் அஜீஜியா தெருவில் வீடு இடிந்து ஒன்பது பேர் போனார்கள். அதில் நாலு பேர் குழந்தைகள். இன்னமும் அதை நினைத்தால் தாங்கவில்லை.

சுவரின் அடியில் ஒரு அடி உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறதா, மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறதா, விரலால் தட்டினால் பூச்சு டொக்கு டொக்கென்று வெற்றாகக் கேட்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் மழைநாளில் அந்த வீட்டில் தங்கவேண்டாம், பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ போய்விடுங்கள். மழை விட்டதும் உடனே திரும்பாதீர்கள். ஊறின மண்சுவர் வெயில் அடித்தபிறகும் விழும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. இருட்டுவதற்கு முன்பே கூப்பிடுங்கள்.

குடியாத்தத்துக்காரன் நான். பையன் ஈசிஆர் ரோட்டுல கடலோரமா இடம் வாங்கணும்ங்கறான்.

நம் ஊரில் மழைத்தண்ணீரும் ஆற்றுத்தண்ணீரும்தான். கடலோரத்தில் மூன்றாவதாகக் கடலும் சேர்கிறது. புயல் மையத்தில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் எழும். காற்று தள்ளுவது அதைவிடப் பெரிது. அந்த நேரம் ஓதமும் (கடல் ஏற்றமும்) சேர்ந்தால் முகத்துவாரம் அடைத்துக்கொள்ளும். உள்ளூர் மழைத்தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் பின்னால் தேங்கும். அதனால் அலை வராத இடத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் வரும்.

உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் கோடு) 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலச் சட்டம் பாயும். அனுமதி இருக்கிறதா என்று வரைபடத்தோடு பார்க்கச் சொல்லுங்கள். புரோக்கரை விட மீனவர் குப்பத்துப் பெரியவர்களுக்கு விவரம் அதிகம் தெரியும். எந்தப் புயலில் கடல் எதுவரை ஏறியது என்று கைகாட்டுவார்கள். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்றும் வாயில் வைத்துப் பார்க்கட்டும்.

வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் உண்டா?

உண்டு. 2021 ஏப்ரலிலிருந்து வரும் பாரத் கிரக ரக்ஷா என்ற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியில் வெள்ளமும் அடங்கும். தண்ணீரில் மூழ்கின காரை மட்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து உடைந்தால் கார் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் தகராறு வரும்.

தரைப்பாலத்து மேல முழங்கால் அளவு தண்ணிதான் ஓடுது. பைக்ல தாண்டலாமா?

தாண்டாதீர்கள் தம்பி. 2021 வெள்ளத்தில் விரிஞ்சிபுரம் தரைப்பாலமே சேதமானது. கலங்கல் தண்ணீருக்கு அடியில் ரோடு இருக்கிறதா, அரித்துப்போய்விட்டதா என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. பத்து கிலோமீட்டர் சுற்றினாலும் மேம்பாலத்தில் போங்கள்.