பிக்காசோவின் அறைக்குள்ளிருந்து எழுதியவர்: ஃபெர்னாந்த் ஒலிவியே பற்றிக் கேள்வி பதில்

ஃபெர்னாந்த் ஒலிவியே பற்றிப் போன வாரம் சொல்ல ஆரம்பித்ததும் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, இவர் யார் என்றே எனக்குத் தெரியாது. முதலிலிருந்து சொல்லுங்களேன்.

1881இல் பாரிஸில் பிறந்தவர். இயற்பெயர் அமெலி லாங். சின்ன வயதிலேயே கல்யாணம் ஆனது, புருஷனிடம் அடி வாங்கினார். 1900இல் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு வெளியேறினார். அவன் தேடிவந்துவிடக் கூடாது என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். அப்புறம் ஓவியர்களுக்கு மாடலாக நின்று பிழைத்தார். 1904இல், பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் ஏழைக் கலைஞர்கள் குடியிருந்த ஒரு மரக்கட்டடத்தில், பிக்காசோவைச் சந்தித்தார். ஒரு மழை நாளில் பிக்காசோ கையில் பூனைக்குட்டியோடு வழிமறித்துச் சிரித்தபடி அதை நீட்டினாராம். மறு வருடம் ஃபெர்னாந்த் அவரோடு குடியேறினார். 1912வரை சேர்ந்திருந்தார்கள். 1933இல் வந்த 'பிக்காசோவும் அவர் நண்பர்களும்' என்ற நினைவுக் குறிப்புதான் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்கிறது.

கேள்வி: பிக்காசோவைப் பற்றி நூற்றுக்கணக்கில் புத்தகங்கள் இருக்கின்றன. இதில் மட்டும் அப்படி என்ன இருக்கிறது?

குளிர் இருக்கிறது, பசி இருக்கிறது. ஓவிய வரலாறு எழுதுபவர்கள் அவர் படங்களில் ஓங்கி நின்ற நிறத்தை வைத்து 'நீலக் காலம்', 'ரோஜா காலம்' என்று பிரித்து எழுதுவார்கள். ஃபெர்னாந்த் எழுதுவது அந்தப் படங்கள் வரையப்பட்ட அறையைப் பற்றி. 'பத்தோ-லவுவார்', அதாவது சலவைப் படகு என்று அந்தக் கட்டடத்துக்குப் பெயர். மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். குளிர்காலத்தில் ராத்திரி கோப்பையில் மிச்சம் வைத்த தேநீர் காலையில் உறைந்து கிடக்கும். மேசை இழுப்பறைக்குள் பிக்காசோ வளர்த்த வெள்ளை எலி ஒன்று.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கையில் காசில்லாத நாட்களில் பக்கத்துக் கடையில் சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். மத்தியானம் பையன் கூடையோடு வந்து கதவைத் தட்டினால், "உடம்பில் துணியில்லை, கதவைத் திறக்க முடியாது, அங்கேயே வைத்துவிட்டுப் போ" என்று ஃபெர்னாந்த் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். பணம் கையில் வந்ததும் கடனை அடைத்துவிடுவார்கள். அந்த அறையின் வாழ்க்கை எனக்குக் கண்முன் நிற்பது இந்த ஓரிரண்டு வரிகளில்தான். எந்த விமர்சகராலும் இதை எழுத முடியாது, கதவுக்கு உள்பக்கம் நின்றவர்தான் எழுத முடியும்.

கேள்வி: மோனலிசா திருட்டில் பிக்காசோ மாட்டிக்கொண்டார் என்கிறார்களே, உண்மையா?

மோனலிசாவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கவிஞர் அப்போலினேரிடம் வேலை பார்த்த ஒருவன் 1907இல் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து பழைய ஐபீரிய (பண்டைய ஸ்பெயின்) கல்தலைகள் இரண்டைத் திருடிப் பிக்காசோவிடம் விற்றிருந்தான். 1911 ஆகஸ்டில் அதே லூவரிலிருந்து மோனலிசா ஓவியம் காணாமல் போனதும் பிக்காசோவுக்கும் அப்போலினேருக்கும் உதறல் எடுத்துவிட்டது. சிலைகளைப் பெட்டியில் போட்டு செயின் நதியில் எறிந்துவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

அந்த ராத்திரியை ஃபெர்னாந்த் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கிளம்பும் நேரம் வரும்வரை இருவரும் சீட்டு விளையாடுவது போல் உட்கார்ந்திருந்தார்களாம், இரண்டு பேருக்கும் சீட்டாடத் தெரியாது! நள்ளிரவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் இரண்டு மணிக்குக் களைத்துப்போய்த் திரும்பினார்கள். பெட்டி கையிலேயே இருந்தது, சிலைகளும் அதற்குள்ளேயே. எறிய மனம் வரவில்லை. பிறகு ஒரு பத்திரிகை அலுவலகம் வழியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த விவகாரத்தில் செப்டம்பரில் அப்போலினேர் சில நாட்கள் சிறையில் இருந்தார். நீதிபதி முன்னால் பிக்காசோ நண்பனையே தெரியாது என்று சொல்லிவிட்டதாக ஃபெர்னாந்த் எழுதுகிறார். அதை அவர் மறைக்காமல் எழுதியதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை.

கேள்வி: இருபது வருடம் கழித்து எழுதியதை எவ்வளவு தூரம் நம்பலாம் மேடம்?

நியாயமான கேள்வி. தேதிகளை வேறு இடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விட்டதும் உண்டு. 1907இல் இருவரும் ஓர் அநாதை இல்லத்திலிருந்து 13 வயதுப் பெண் ஒருத்தியைக் கூட்டிவந்து சில மாதங்களிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1933 புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. உருவங்களைக் கோணக் கோணமான துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிசத்தைப் பற்றியும் அவரிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், அந்தப் பாணி அவர் மனதுக்கு ஒட்டவே இல்லை.

ஆனால் மனிதர்கள் விஷயத்தில் அவர் கண் கூர்மையானது. 1908இல் ஓவியர் ரூசோவுக்குப் பிக்காசோ அறையில் நடந்த விருந்தைப் படித்துப் பாருங்கள். சொல்லிவைத்த சாப்பாடு வந்து சேரவில்லை. ஃபெர்னாந்த் தானே சமைத்திருந்த ஸ்பானிய அரிசிச் சோறுதான் மானத்தைக் காப்பாற்றியது. தலைக்கு மேல் தொங்கிய விளக்கிலிருந்து மெழுகு சொட்டுச் சொட்டாக விழ, கிழவர் ரூசோ அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிக்காசோவிடம், "நாம் இருவரும்தான் இந்தக் காலத்தின் பெரிய ஓவியர்கள், நீ எகிப்திய பாணியில், நான் நவீன பாணியில்" என்று அவர் சொன்னதையும் ஃபெர்னாந்த் எழுதியிருக்கிறார்.

கேள்வி: பிக்காசோ இந்தப் புத்தகத்தைத் தடுக்கப் பார்த்தாராமே?

ஆமாம். 1930இல் 'லெ சுவார்' பத்திரிகையில் தொடராக வந்தபோதே வக்கீல்களை ஏவினார், ஆறு பகுதிகளோடு நின்றுவிட்டது. புத்தகம் வருவதை மட்டும் அவரால் தடுக்க முடியவில்லை. இத்தனைக்கும் அதில் வன்மம் கிடையாது. பிக்காசோ பொறாமையில் தன்னை வெளியே விடாமல் அறைக்குள் வைத்திருந்ததைக்கூட, புத்தகமும் தேநீரும் இருந்தால் போதும் என்ற தொனியில்தான் சொல்கிறார். (பிக்காசோவின் பிற்காலத் துணைவி பிரான்சுவாஸ் ஜீலோ 1964இல் தன் நினைவுகளை எழுதியபோது பிக்காசோ மூன்று வழக்குப் போட்டு மூன்றிலும் தோற்றார்.)

கேள்வி: பிரிந்த பிறகு ஃபெர்னாந்த் எப்படி வாழ்ந்தார்?

கஷ்டப்பட்டார். கிடைத்த வேலையெல்லாம் செய்தார். இறைச்சிக் கடையில் காசாளர், கேளிக்கை விடுதியில் கவிதை வாசிப்பவர், பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவர். 1950களில் காதும் கேட்காமல், மூட்டுவலியோடு இருந்த காலத்தில், இனிமேல் எதுவும் வெளியிட மாட்டேன் என்ற உறுதிக்கு ஈடாகப் பிக்காசோ ஒரு சிறிய தொகை கொடுத்தார். ஃபெர்னாந்த் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1966இல் இறந்தார். இன்னும் அந்தரங்கமான இரண்டாவது நினைவுக் குறிப்பு 1988இல்தான் வெளிவந்தது.

கேள்வி: புத்தகத்தோடு சேர்த்துப் பார்க்க ஒரு படைப்பைச் சொல்லுங்கள் அக்கா.

அவரை வைத்துப் பிக்காசோ 60க்கும் மேற்பட்ட படைப்புகள் செய்திருக்கிறார். நான் 1909இல் செய்த வெண்கலத் தலையைச் சொல்வேன். முகம் முழுக்கப் பட்டை பட்டையாக, கத்தியால் சீவியது போல் இருக்கும். எல்லோரும் அதைக் கியூபிசச் சிற்பத்தின் தொடக்கம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதே வருடக் கோடையில், ஸ்பெயினின் ஓர்தா கிராமத்தில் அதற்கான ஓவியங்களுக்கு உட்கார்ந்தபோது, ஃபெர்னாந்த் சிறுநீரக நோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த வலியைப் பற்றிப் பாரிஸிலிருந்த தோழிகளுக்குக் கடிதமும் எழுதினார். அதைத் தெரிந்துகொண்டு அந்தச் சாய்ந்த கழுத்தை இன்னொரு தடவை பாருங்கள்.