டாப்ஸ்லிப், பரம்பிக்குளம், வால்பாறை: எதைப் பார்த்துத் திட்டம் போடுவது?

தாராபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "டிசம்பர் லீவில் ரெண்டு நாள் கிடைக்குதுங்க. டாப்ஸ்லிப், பரம்பிக்குளம், வால்பாறை மூணையும் காரிலேயே பார்த்துடலாம்னு இருக்கோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. பையன் ஒன்பதாவது படிக்கிறான், பறவைன்னா உயிர். நெட்டில் ஆளுக்கொன்னு சொல்றாங்க. எதை நம்பறதுங்க?"

எதை நம்புவது என்பது அப்புறம். முதலில் மூன்றில் ஒன்றை வெட்டிவிடுங்கள். போன் மேப்பில் டாப்ஸ்லிப்பும் வால்பாறையும் கையெட்டும் தூரத்தில் தெரியும். ஆனால் இரண்டுக்கும் நடுவே நாம் போகிற மாதிரி ரோடு கிடையாது. டாப்ஸ்லிப்பிலிருந்து சேத்துமடைக்கு இறங்கி, ஆனைமலை வந்து, ஆழியாறு போய், அங்கிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். பரம்பிக்குளம் அப்படியில்லை. அது கேரளாதான், என்றாலும் கார் போகிற வழி நம்ம டாப்ஸ்லிப்பைத் தாண்டித்தான். அதனால் டாப்ஸ்லிப்பும் பரம்பிக்குளமும் ஒரு பயணம், வால்பாறை வேறொரு பயணம். மூன்றையும் இரண்டு நாளில் அடைத்தால் அம்மாவுக்கு மிஞ்சுவது கார் சீட்டும் வாந்தியும்தான்.

இனி தகவலுக்கு வருவோம். நெட்டில் 'நேஷனல் பார்க்' என்று தேடினால் வருகிற படங்களைப் பார்த்து மனசில் கோட்டை கட்டாதீர்கள். டாப்ஸ்லிப் இருக்கிற ஆனைமலைப் புலிகள் காப்பகம் முழுசாக 1,480 சதுர கிலோமீட்டருக்குப் பக்கம். அதற்குள் இந்திரா காந்தி தேசியப் பூங்கா என்பது 117 சதுர கிலோமீட்டர்தான், அதுவும் கரியன் சோலை, கிராஸ் ஹில்ஸ், மஞ்சம்பட்டி என்று துண்டு துண்டாக. பச்சைப் புல்வெளியும் மேகமுமாக வருகிற படங்கள் பெரும்பாலும் கிராஸ் ஹில்ஸ். சாதாரணச் சுற்றுலாவுக்கு அங்கே விடுவதில்லை. அந்தப் படத்தைப் போட்டு 'டாப்ஸ்லிப் போகலாம் வாங்க' என்று எழுதியிருந்தால், எழுதியவர் போகவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

தங்கும் இடம், சஃபாரி இரண்டுக்கும் வனத்துறையின் ஆனைமலைப் புலிகள் காப்பகத் தளத்தைத்தான் பார்க்க வேண்டும். பரம்பிக்குளத்துக்கு அது செல்லாது. அங்கே கேரள வனத்துறைக்குத் தனித் தளம், தனிக் கட்டணம், ஆனப்பாடியில் தனிச் செக்போஸ்ட். டாப்ஸ்லிப்பில் வாங்கிய டிக்கெட்டை அங்கே நீட்டிப் பயனில்லை.

தளத்தில் பதிவு முடித்தாலும், கிளம்புவதற்கு முந்தின நாள் பொள்ளாச்சி வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். மழைக்கு மரம் விழுந்தால், கோடையில் காட்டுத்தீ பயம் இருந்தால், சில சமயம் வனவிலங்குக் கணக்கெடுப்பு நடந்தால் சஃபாரியை நிறுத்திவிடுவார்கள். இது எந்த யூடியூப் வீடியோவிலும் இருக்காது. "திறந்திருக்கா?" என்று மட்டும் கேட்டால் "இருக்கு" என்பதோடு முடிந்துவிடும். "நாளைக்கு சஃபாரி வண்டி ஓடுதா, கோழிகமுத்தி யானை முகாமுக்கு விடறாங்களா, கரியன் சோலைக்கு நடத்திக் கூட்டிப்போக ஆள் உண்டா" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அம்மாவுக்கு வனத்துறை வண்டியும் யானை முகாமும் போதும். முகாமுக்குச் சொந்தக் காரை விடமாட்டார்கள். யானைகளைப் பார்த்துக்கொள்கிற மாவுத்தர்கள் பலரும் மலசர் பழங்குடியினர். நேரம் வாய்த்தால் அம்மாவைப் பேச விடுங்கள், நன்றாகப் பேசுவார்கள். வண்டி வருகிறவரை வரவேற்பு மையத்தை ஒட்டிய புல்வெளி ஓரமாக உட்கார்ந்தாலே புள்ளிமானும் காட்டுப்பன்றியும் கண்ணில் படும். பன்றி இரண்டடி தள்ளி மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும், நம்மைச் சட்டைகூடச் செய்யாது. அதற்காகக் கையிலிருக்கும் முறுக்கைப் போட்டுவிடாதீர்கள்.

பையனுக்கு இபேர்ட் செயலியை இறக்கிக் கொடுங்கள். டாப்ஸ்லிப் என்று தேடினால் மாதவாரியாக அங்கே என்னென்ன பறவை பதிவாகியிருக்கிறது என்று காட்டும். மலை இருவாச்சியைப் பார்க்க ஆசைப்படுவான். காய்த்த ஆலமர, அத்திமர வகைகளின் உச்சியைக் கவனிக்கச் சொல்லுங்கள். பறக்கும்போது இறக்கை போடுகிற சத்தம் முதலில் கேட்கும், பிறகுதான் ஆள் தெரியும். பட்டியலை வீட்டிலேயே இறக்கிக்கொள்வது நல்லது, மேலே சிக்னலை நம்ப முடியாது. கரியன் சோலைக்கு வழிகாட்டியோடு நீங்களும் பையனும் மட்டும் போய் வாருங்கள். மழை ஈரம் காயாமல் இருந்தால் அட்டை ஏறும், முழுக்கால் பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்வமிருந்தால் ஹ்யூகோ வுட் கல்லறையையும் கேட்டுப் பாருங்கள். வெட்டித் தீர்த்த தேக்குக்காட்டைத் திரும்ப வளர்த்த வெள்ளைக்கார வன அதிகாரி, 1933இல் இறந்தவர். நடக்கும்போதே கைத்தடியால் மண்ணில் குழி போட்டுத் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே போவாராம். பரம்பிக்குளம் பக்கம் போனால் கன்னிமாரா தேக்கை விட்டுவிடாதீர்கள். அதைக் கட்டிப்பிடிக்க உங்கள் குடும்பம் மொத்தமும் போதாது.

பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில், பை எல்லாவற்றையும் வீட்டிலேயே ஒதுக்கிவிட்டு எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டால் சேத்துமடையில் வண்டியைச் சோதிக்கும்போது நேரம் மிச்சம். காலையிலேயே செக்போஸ்ட்டைத் தாண்டிவிட வேண்டும். முதல் நாள் இரவு பொள்ளாச்சியில் தங்குவதே உங்களுக்குச் சரிப்படும். வருகிற வழியில், உடுமலைக்குத் தெற்கே அமராவதி அணை முதலைப் பண்ணையையும் அன்று மாலையே பார்த்துவிடலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் வால்பாறைதான் வேண்டும் என்று வீட்டில் முடிவானால், சரி, டாப்ஸ்லிப்பை விட்டுவிட்டு அதற்கு மட்டும் போங்கள். 2025 நவம்பர் 1 முதல் அங்கே போக இ-பாஸ் வேண்டும். ஆழியாறு வந்த பிறகு போனில் தடுமாறாமல் தாராபுரத்திலேயே எடுத்துவிடுங்கள்.