வேலை கை மாறியது, அதிகாரம் மாறியதா?

கேள்வி: எனக்குக் கீழே ஆறு பேர். வேலையைப் பிரித்துக் கொடுத்தாலும் கடைசியில் எல்லாமே என் மேஜைக்குத் திரும்பி வருகிறதே, ஏன்?

வேலையைக் கொடுத்துவிட்டு, முடிவெடுக்கும் அதிகாரத்தை உங்களிடமே வைத்திருப்பீர்கள். கொள்முதலை ஒருவரிடம் ஒப்படைத்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கி, ஒப்பிட்டு, யாரிடம் வாங்குவது என்றும் தீர்மானித்துவிட்டார். ஆனால் கணினியில் ஒப்புதல் கொடுப்பது உங்கள் லாகின் மட்டும்தான். நீங்கள் இரண்டு நாள் வெளியூர் போனால் ஆர்டர் கிடப்பில் கிடக்கும். சரக்கு தாமதமானால் ஏச்சு அவருக்கு. இரண்டு தடவை இப்படி ஏச்சு வாங்கியவர், அடுத்த தடவை விலைப்புள்ளி கேட்பதற்கே உங்களிடம் அனுமதி கேட்பார். அதிகாரமும் பொறுப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு நிர்வாகவியலாளர் ஆன்ரி ஃபயோல் 1916-லேயே சொல்லிவிட்டார். இன்றும் அதிகம் மீறப்படுவது இதுதான்.

ஒப்படைக்கும்போது அரைப்பக்கம் எழுதிக் கொடுங்கள். என்ன முடிய வேண்டும், எந்தத் தேதிக்குள், எந்தத் தொகை வரை அவரே கையெழுத்திடலாம், எதைச் செய்துவிட்டுச் சொன்னால் போதும், எதைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். கணினி அனுமதியையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். பலரும் விட்டுவிடுவது அடுத்த வேலையை: கணக்குப் பிரிவு, ஸ்டோர், சப்ளையர் எல்லோருக்கும் "இனி இவர்தான்" என்று நீங்களே தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் அவரைத் தாண்டி உங்களுக்கே போன் வரும். அந்தப் போனுக்கு நீங்கள் பதில் சொன்னால், கொடுத்த அதிகாரம் அத்தோடு போயிற்று.

அவரே வந்து "என்ன செய்யலாம் சார்?" என்றால், "வெச்சுட்டுப் போங்க, நான் பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். யோசனையோடு வரும் வரை வேலை அவரிடமே இருக்கட்டும்.

கேள்வி: அடிக்கடி விசாரித்தால் நம்பவில்லை என்று வருத்தப்படுகிறார். விட்டுவிட்டால் கடைசி நாளில்தான் குளறுபடி தெரிகிறது.

நினைத்தபோது விசாரிப்பதுதான் உறுத்துகிறது. பார்க்கும் தேதிகளை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வார வேலை என்றால் முதல் பார்வை மூன்றாம் நாள். சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அப்போதே தெரியும், திருத்துவதும் எளிது. அடுத்தது, திரும்பப் பெற முடியாத கட்டத்துக்கு முந்தைய நாள்: ஆர்டர் போகும் முன், வாடிக்கையாளருக்கு அறிக்கை அனுப்பும் முன். "90 சதவீதம் முடிந்தது" என்ற பதிலை ஏற்காதீர்கள். வரைவைக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, அனுபவசாலிக்கும் அந்த வேலை புதிது என்றால் ஆரம்பத்தில் நெருக்கமாகத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: எனக்கு ஒரு மணி நேர வேலை. சொல்லிக்கொடுக்கவே அரை நாள் ஆகும். நானே செய்துவிடலாமா?

வருடத்துக்கு ஒருமுறை வருவது என்றால் நீங்களே செய்யுங்கள். வாரந்தோறும் வந்தால் வருடத்துக்கு 52 மணி நேரம். சொல்லிக்கொடுக்க நான்கு மணி, முதல் மூன்று தடவை பக்கத்தில் உட்கார அரை மணி வீதம் என்று வைத்தாலும் ஆறு வாரத்தில் ஈடாகிவிடும்.

கேள்வி: அவர் எடுத்த முடிவு தவறானால் மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது?

நீங்கள்தான். அதிகாரத்தைப் பகிரலாம், பதில் சொல்லும் கடமையைத் தள்ளிவிட முடியாது. ஆகவே சிலவற்றைக் கொடுக்கவே கூடாது: ஒழுங்கு நடவடிக்கை, சம்பள உயர்வுக்கான மதிப்பீடு, ரகசியத் தகவல் கையாளும் வேலை. ஆர்டர் போடுவது, சரக்கைச் சரிபார்த்து வாங்குவது, பணம் கொடுக்க ஒப்புதல் தருவது மூன்றையும் ஒரே ஆளிடம் குவிக்காதீர்கள். எவ்வளவு நம்பகமானவராக இருந்தாலும் சரி. வரம்புக்குள் எடுத்த முடிவு தவறாகிவிட்டால், மற்றவர்கள் முன்னால் அதை ரத்து செய்யாமல், தனியே அழைத்துப் பேசி அவர் கையாலேயே திருத்த வையுங்கள். பெரிய நஷ்டமோ ஆபத்தோ கண்ணெதிரே இருந்தால் மட்டும் நீங்கள் நேரடியாக இறங்கலாம்.