கிறிஸ்தவ நம்பிக்கை வழக்குகளில் நிபுணர் சாட்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலையிடத்தில் சிலுவை அணிவது முதல் மதம் மாறியவரின் தஞ்சக் கோரிக்கை வரை, மத சுதந்திர வழக்குகளில் நிபுணர் சாட்சியாக அழைக்கப்படுகிறவர்கள் கேட்ட கேள்விகளில் சில இந்த இதழில்.

கேள்வி: இறையியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஈரானைச் சேர்ந்த ஒருவரின் தஞ்ச வழக்கில் "இவர் உண்மையான விசுவாசிதான் என்று எழுதிக் கொடுங்கள்" என்று அவருடைய வழக்கறிஞர் கேட்கிறார். எழுதலாமா?

அந்த வடிவத்தில் எழுதாதீர்கள். ஒருவர் மனதார நம்புகிறாரா என்று தீர்மானிப்பது நீதிபதியின் பொறுப்பு. அந்த முடிவை நீங்களே எழுதிவிட்டால், எதிர்த்தரப்பு உங்கள் அறிக்கையை ஒதுக்கிவைக்கக் கேட்க அது ஒன்றே போதும். அவர் நம்பும் கோட்பாடு மெய்யா பொய்யா என்ற ஆராய்ச்சிக்கோ நீதிமன்றங்களே போவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944-இல் பல்லார்ட் வழக்கிலும், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2005-இல் வில்லியம்சன் வழக்கிலும் இதைத் தெளிவாக்கிவிட்டன.

உங்களால் சொல்ல முடிந்தவை வேறு. அவர் சேர்ந்திருக்கும் சபை மரபு எதைப் போதிக்கிறது, எதைக் கடைப்பிடிக்கிறது? அவர் சொல்லும் அனுபவமும் வழிபாட்டுப் பழக்கமும் அந்த மரபோடு ஒத்துப்போகின்றனவா? அந்த நாட்டைப் பற்றிய அறிவும் உங்களுக்கு இருந்தால், அவரைப் போன்ற ஒருவர் திரும்பிப் போனால் என்ன நேரக்கூடும்? இவற்றையே கேள்விகளாக எழுத்தில் திருத்தித் தரும்படி வழக்கறிஞரிடம் கேளுங்கள். திருத்த மறுத்தால் வழக்கை ஏற்க வேண்டாம்.

"இவர் உண்மையான கிறிஸ்தவர்" என்ற வரிக்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "விண்ணப்பதாரர் விவரிக்கும் வீட்டுச் சபைக் கூட்டம் (சிறு குழு, மாறிக்கொண்டே இருக்கும் இடம், வெளிக்குக் கேட்காத பாட்டு) பாரசீக மொழி வீட்டுச் சபைகளைப் பற்றி நான் அறிந்தவற்றோடு பொருந்துகிறது. இதே விவரங்கள் பொதுவெளியிலும் கிடைக்கின்றன என்பதால், இந்தப் பொருத்தத்துக்கு ஓரளவு எடையே தர முடியும்." பின்பாதியைச் சேர்க்கப் பலருக்கும் தயக்கம். முன்பாதியை நீதிபதி நம்புவது அதனால்தான்.

கேள்வி: நான் சபைப் போதகர். என் சபைக்கு வரும் ஒருவருக்காக நான் சொல்வது நிபுணர் சாட்சியம் ஆகுமா?

பிரிட்டனுக்குள்ளேயே இதில் இரண்டு பார்வைகள் உண்டு. புதிதாக விசுவாசத்துக்கு வந்த பலரைக் கவனித்துப் பழகிய சபைத் தலைவர், தான் கண்டதை மற்றவர்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் கருத்தை ஏற்கலாம் என்று ஸ்காட்லாந்து நீதிமன்றம் 2018-இல் கூறியது. சபை சாட்சியம் முக்கியமானதாக இருக்கலாம், ஆனால் அதை நிபுணர் சாட்சியம் என்று அழைப்பது பொருந்தாது, எவ்வளவு எடை தருவது என்பது விசாரிக்கும் நீதிபதியின் முடிவு என்று மேல் தீர்ப்பாயம் 2020-இல் சொன்னது.

எந்தப் பெயரில் போனாலும் உங்கள் கடிதத்தின் பலம் நீங்கள் நேரில் கண்ட விவரத்தில்தான் இருக்கிறது. அவர் முதலில் வந்த மாதம், எத்தனை ஆராதனைகளுக்கு வந்தார், எந்த வகுப்பை முடித்தார், ஞானஸ்நானத்துக்கு முன் அவரிடம் என்ன கேட்டீர்கள், சபையில் என்ன பொறுப்பு வகிக்கிறார் என்பதையெல்லாம் எழுதுங்கள். இதுவரை யாருக்காவது ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறீர்களா, மறுத்திருக்கிறீர்களா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்ட எல்லோருக்கும் கொடுத்துவிடும் சபை என்றால் அந்தச் சடங்கைக் கொண்டு எதையும் பிரித்தறிய முடியாது. சாட்சிக் கூண்டில் இந்தக் கேள்வி அநேகமாக வரும்.

கேள்வி: நிபுணர் அறிக்கையை எப்படி அமைப்பது? எங்கே தவறு நேர்கிறது?

முதலில் ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்: கோரிக்கையை நிராகரித்த கடிதம், நேர்காணலின் முழுப் பதிவு, விண்ணப்பதாரரின் வாக்குமூலம், சபைக் கடிதங்கள், ஞானஸ்நானச் சான்றிதழ். வழக்கறிஞர் தரும் சுருக்கத்தை மட்டும் வைத்து எழுதினால், சுருக்கத்தில் விடுபட்ட ஒரு பதிலைச் சொல்லியே எதிர்த்தரப்பு உங்களை மடக்கிவிடும்.

முதல் பக்கத்தில் யார் கேட்டார்கள், என்னென்ன கேள்விகள், எந்தெந்த ஆவணங்களை வாசித்தீர்கள் என்று தேதியோடு பட்டியலிடுங்கள். அடுத்து உங்கள் தகுதி. இந்த வழக்கின் கேள்விக்குச் சம்பந்தப்பட்ட படிப்பும் ஆய்வும் களப்பணியும் மட்டும் போதும். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றமானால் உரிமையியல் நடைமுறை விதி 26 வரையறுத்தே சொல்கிறது: உங்கள் கருத்துகள் முழுவதும், அவற்றின் ஆதாரம், கடந்த 10 ஆண்டுகளில் வெளியிட்ட எழுத்துகள், கடந்த 4 ஆண்டுகளில் சாட்சியம் அளித்த வழக்குகள், வாங்கும் கட்டணம் எல்லாம் அறிக்கையில் இருந்தாக வேண்டும். நீதிமன்றம் வேறு கெடு வைக்காவிட்டால் விசாரணைக்கு 90 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்பிடம் தர வேண்டும். இங்கிலாந்தின் உரிமையியல் விதிகள் 35-ஆம் பகுதியின்படி, பணம் தரும் தரப்பைவிட நீதிமன்றத்துக்கே உங்கள் முதல் கடமை. அதை உணர்ந்திருப்பதாக எழுதி, உண்மை உறுதிமொழியோடு கையெழுத்திட வேண்டும். அங்கே எதிர்த்தரப்பு உங்களிடம் எழுத்து மூலம் கேள்வி கேட்க 28 நாட்கள் உண்டு. உங்கள் பதில்களும் அறிக்கையின் பகுதியாகிவிடும்.

பத்திகளுக்கு எண் கொடுங்கள், ஒரு பத்தியில் ஒரு கருத்துதான். விண்ணப்பதாரர் சொன்னது, நீங்கள் உண்மையென்று எடுத்துக்கொண்டது, உங்கள் சொந்தக் கருத்து ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கும் இடத்தில் இரு பக்கத்தையும் சொல்லி, நீங்கள் ஏன் ஒரு பக்கம் நிற்கிறீர்கள் என்று விளக்குங்கள். இங்கிலாந்து விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

அறிக்கையைக் கெடுப்பது பெரும்பாலும் பொதுமைப்படுத்தல்தான். "ஈரானில் கிறிஸ்தவர்கள் அனைவரும் ஒடுக்கப்படுகிறார்கள்" என்று எழுதியவரிடம், அந்நாட்டு அரசியலமைப்பின் 13-ஆம் பிரிவு கிறிஸ்தவர்களைச் சிறுபான்மையாக அங்கீகரிக்கிறதே என்று கேட்பார்கள். அர்மேனிய, அசீரிய சபைகள் அந்த அங்கீகாரத்தில் அடங்குகின்றன, இஸ்லாமிலிருந்து மாறியவர் அடங்கமாட்டார் என்ற வேறுபாட்டை நீங்களே முதலில் எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. எரித்ரியாவில் 2002 முதல் ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, லூத்தரன் சபைகளும் சுன்னி இஸ்லாமும் மட்டுமே அரசு அனுமதி பெற்றவை. பெந்தெகொஸ்தே விசுவாசிக்கு நேரும் ஆபத்தும் கத்தோலிக்கருக்கு நேர்வதும் ஒன்றல்ல. எந்த நாடு, எந்தச் சபை, எந்த ஆண்டு நிலவரம் என்று ஒவ்வொரு கூற்றிலும் தெரிய வேண்டும்.

பழைய அறிக்கையிலிருந்து பத்திகளை எடுத்து ஒட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. முந்தைய வழக்கில் வந்த பெண்ணின் பெயரோ "அவளுடைய" என்ற ஒரு சொல்லோ தப்பி நின்றால், அறிக்கை முழுவதுமே அச்சில் வார்த்ததாகத் தெரியும். ஒரு மனிதரின் பாதுகாப்பு இந்தத் தாள்களை நம்பி இருக்கிறது. அனுப்புவதற்கு முன் வேறொருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தஞ்ச நேர்காணலில் "இரண்டாவது கட்டளை என்ன?" என்று கேட்டு, பதில் தவறு என்று நிராகரித்துவிட்டார்கள். நிபுணர் இதில் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும். பத்துக் கட்டளைகளை எல்லாச் சபைகளும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. கத்தோலிக்கருக்கும் லூத்தரன் சபையாருக்கும் இரண்டாவது கட்டளை கடவுளின் பெயரை வீணாகச் சொல்லாதிருப்பது. ஆங்கிலிக்கன், சீர்திருத்த, ஆர்த்தடாக்ஸ் மரபுகளில் அது விக்கிரகம் செய்யாதிருப்பது. வேதாகமத்தில் எத்தனை புத்தகங்கள் என்றால் புராட்டஸ்டண்டுகளுக்கு 66, கத்தோலிக்கருக்கு 73, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இன்னும் கூடும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லச் சொன்னால் கத்தோலிக்கர் தீமையிலிருந்து விடுவிக்கக் கேட்பதோடு நிறுத்துவார். புராட்டஸ்டண்ட் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்வார். அதிகாரியின் கையிலிருக்கும் விடைத்தாள் ஒரு மரபைச் சேர்ந்ததாகவும் விண்ணப்பதாரர் வேறொரு மரபைச் சேர்ந்தவராகவும் இருந்தால் சரியான பதிலும் தவறாகிவிடும்.

நேர்காணல் பதிவை எடுத்து, கேள்விக்கு ஒரு வரிசை வீதம் அட்டவணை போடுங்கள்: கேட்டது, சொன்ன பதில், அவருடைய சபையின் போதனைப்படி அது சரியா, அவருக்கு எந்த அளவு போதனை கிடைத்திருந்தது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். மறைவாகக் கூடும் குழுவில், முழு வேதாகமமும் கையில் இல்லாமல் விசுவாசத்துக்கு வந்தவருக்குப் பன்னிரண்டு சீடர்களின் பெயர் தெரியாதிருக்கலாம். அதே சமயம் எல்லாவற்றையும் மனப்பாடமாக ஒப்பிப்பவர் விசுவாசியாக இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் 2004 வழிகாட்டுதலும் விரிவான மத அறிவு இருப்பதை மட்டும் வைத்து மனப்பூர்வமான நம்பிக்கையை அளக்க வேண்டாம் என்கிறது. உண்மையிலேயே தவறான பதில்கள் இருந்தால் அட்டவணையில் அவற்றையும் தவறு என்றே குறியுங்கள்.

கேள்வி: சிலுவை அணிவது கிறிஸ்தவத்தில் கட்டாயம் இல்லையே? கட்டாயமில்லாத ஒன்றுக்காக நிபுணர் எப்படி வாதாடுவது?

நிபுணர் வாதாடுவதில்லை. அடுத்ததாக, கட்டாயமா என்ற கேள்வியைப் பல நீதிமன்றங்கள் கடந்து வந்துவிட்டன. விமான நிறுவன ஊழியர் எவெய்டா வழக்கில் பிரிட்டனின் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம், வெளியே தெரியும்படி சிலுவை அணிவது அவருடைய சொந்த விருப்பம் என்று தள்ளியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013-இல் அதை மாற்றி, நம்பிக்கையோடு நெருங்கிய தொடர்பு இருந்தால் போதும், மதக் கட்டளையாக இருந்தாக வேண்டியதில்லை என்றது. அதே தீர்ப்பில், செவிலியர் சாப்ளின் மருத்துவமனைப் பாதுகாப்புக் காரணத்தால் தோற்றார்.

அமெரிக்காவில் 1981-இல் தாமஸ் வழக்கு. யெகோவாவின் சாட்சிகளில் ஒருவர் பீரங்கி வண்டிக்குப் பாகம் செய்யும் பிரிவுக்கு மாற்றப்பட்டபோது வேலையை விட்டார். அதே சபையைச் சேர்ந்த சக ஊழியர் அந்த வேலையில் தவறில்லை என்றார். சபைக்குள்ளே இருக்கும் இந்த வேறுபாட்டைக் காட்டி முன்னவரின் உரிமையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 1986-இல் பிஜோ இம்மானுவேல் வழக்கிலும் நம்பிக்கை நமக்கு அறிவுக்கு உகந்ததாகப் படுகிறதா என்பது அளவுகோல் அல்ல, மனதார நம்புகிறார்களா என்பதே அளவுகோல் என்று சொல்லப்பட்டது.

ஆகவே "கட்டாயம்" என்று இழுத்துப் பிடிக்காதீர்கள். அந்தப் பழக்கம் எந்த நூற்றாண்டிலிருந்து, எந்தச் சபைகளில், என்ன பொருளில் இருக்கிறது, அதை விட நேர்ந்தால் விசுவாசி எதை இழக்கிறார் என்பதை விளக்குங்கள். 1972 யோடர் வழக்கு இதற்கு நல்ல பாடம். நவீன வாழ்க்கையிலிருந்து விலகி வாழும் ஆமிஷ் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சமூகத்தை ஆராய்ந்த ஜான் ஹாஸ்டெட்லர், மேல்நிலைப் பள்ளிக் கட்டாயம் பிள்ளைகளையும் அந்தச் சமூகத்தையும் எப்படிப் பாதிக்கும் என்று சாட்சியம் அளித்தார். ஆமிஷ் போதனை சரியா என்பது அவருடைய வேலையாக இருக்கவில்லை. பெற்றோர்கள் வென்றார்கள்.

கேள்வி: குறுக்கு விசாரணையில் என்ன கேட்பார்கள்?

"அந்த நாட்டுக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? எப்போதாவது அரசுத் தரப்புக்குச் சாட்சியம் அளித்ததுண்டா? நீங்களும் கிறிஸ்தவர்தானே? உங்கள் கட்டுரையில் வேறு மாதிரி எழுதியிருக்கிறீர்களே?" இந்த நான்குக்கும் பதில் தயாராக இருக்கட்டும். நீங்கள் விசுவாசி என்பது தகுதிக் குறைவல்ல. ஆனால் வழக்கை நடத்தும் அமைப்பில் உறுப்பினர் என்றால் அதை அறிக்கையிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்பவர் வழக்கறிஞரானாலும் நீதிபதியைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் "ஆம், அது சரி" என்று ஒரே வரியில் ஒத்துக்கொள்ளுங்கள். "ஆனால்" என்று உடனே இழுத்தால் தரப்பு எடுக்கிறவராகத் தோன்றுவீர்கள். விளக்கம் தேவையானால் உங்களை அழைத்த வழக்கறிஞர், குறுக்கு விசாரணை முடிந்ததும் வரும் மறுவிசாரணையில் கேட்டு வெளிக்கொண்டு வருவார். உங்கள் துறைக்கு வெளியே கேள்வி போனால், அது உங்கள் துறை அல்ல என்று சொல்லிவிடுங்கள். சபை வரலாற்று ஆசிரியர் மன அதிர்ச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சபை வரலாற்றைப் பற்றி அவர் சொன்னதும் சேர்ந்தே எடை இழக்கும்.

கேள்வி: வழக்கு வென்றால் மட்டும் கட்டணம் என்று பேசிக்கொள்ளலாமா?

கூடாது. முடிவைப் பொறுத்த கட்டணம் உங்கள் நடுநிலைமையையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும். மணிக்கணக்கிலோ அறிக்கைக்கு இவ்வளவு என்றோ முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இலவசமாகச் செய்தாலும் அதைக் குறிப்பிடுங்கள். இன்னொன்று: இங்கிலாந்தில் 2011 ஜோன்ஸ் எதிர் கேனி தீர்ப்புக்குப் பின், கவனக்குறைவான நிபுணர் மீது அவரை அமர்த்தியவரே வழக்குத் தொடரலாம். அங்கே வேலை ஏற்கும் முன் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.