‘ஸ்பெலங்கர்’ என்றால் ஏன் முறைக்கிறார்கள்?

கேள்வி: குகைகளுக்குள் இறங்கிச் சுற்றுகிற ஒருவரின் பேட்டி பார்த்தேன். பேட்டி எடுத்தவர் ‘ஸ்பெலங்கர்’ என்று சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது, ‘நான் கேவர்’ என்று திருத்தினார். இரண்டும் ஒன்றுதானே, இதில் என்ன கௌரவப் பிரச்சினை?

பதில்: அவர் அமெரிக்கராக இருந்திருப்பார் என்று நினைக்கிறேன், இந்தச் சண்டை அங்கேதான் அதிகம். வேடிக்கை என்னவென்றால், 1940களில் அங்கே குகைக்குப் போனவர்கள் ஆசையாகத் தங்களுக்கே வைத்துக்கொண்ட பெயர்தான் ஸ்பெலங்கர். அப்புறம் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. ஹெல்மெட் இல்லாமல், கையில் ஒரு டார்ச்சோடு, யாரிடமும் சொல்லாமல் உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்கிறவருக்கும் அதே பெயர் எழுதப்பட்டது. பழைய ஆட்களுக்கு இது பொறுக்கவில்லை. ‘கேவர்கள் ஸ்பெலங்கர்களைக் காப்பாற்றுவார்கள்’ என்று காரின் பின்னால் ஸ்டிக்கரே ஒட்டிக்கொண்டார்கள்.

கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆளுக்கு மூன்று விளக்கு, தனியே போகாதே, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ என்பதெல்லாம் அவர்களுடைய பாலபாடம். குகைக் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புத் தூண் ஒரு சென்டிமீட்டர் வளர நூறு வருஷம்கூட ஆகும், அதை ஒருவர் ஞாபகத்துக்கு வேண்டும் என்று ஒடித்துக்கொண்டு போனால் எரிச்சல் வரத்தானே செய்யும்? நல்ல குகை இருக்கும் இடத்தை அவர்கள் வெளியே சொல்லாமல் மூடி வைப்பதும் இதனால்தான்.

ஆனால் புத்திசாலித்தனம் எல்லாம் ‘கேவர்’ பக்கம், முட்டாள்தனம் எல்லாம் ‘ஸ்பெலங்கர்’ பக்கம் என்று பிரிப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபிளாயிட் காலின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1917-இல் கென்டக்கியில் கிரிஸ்டல் குகையைக் கண்டுபிடித்தவர், குகைக்குள்ளேயே வாழ்ந்தவர் என்று சொல்லுமளவுக்கு அனுபவசாலி. 1925 ஜனவரியில் சாண்ட் குகைக்குள் தனியாக, ஒரு மண்ணெண்ணெய் விளக்கோடு போனார். சுமார் 12 கிலோ எடையுள்ள ஒரு கல் பாதத்தில் விழுந்து பிடித்துக்கொண்டது. இரண்டு வாரத்துக்கு மேல் போராடியும் அவரை உயிரோடு எடுக்க முடியவில்லை. புதிதாக வருகிறவன் செய்வான் என்று கேலி பேசுகிற அதே தவறுகள்தான் அவை. அதோடு, கேலி செய்யப்பட்ட பையன் கிளப்பில் சேர்ந்து கயிறு கட்டக் கற்றுக்கொள்ள வருவானா, இல்லை மறுபடியும் அந்த ஒற்றை டார்ச்சோடு கிளம்புவானா?

கேள்வி: அப்படியானால் ‘ஸ்பீலியாலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொண்டால் வம்பில்லையே?

பதில்: ஆங்கிலத்தில் அது குகையை ஆராய்கிற விஞ்ஞானிக்கான பெயர், சும்மா போட்டுக்கொண்டால் பந்தா என்பார்கள். பிரான்ஸில் பிரச்சினையே இல்லை, பொழுதுபோக்குக்காகப் போகிறவருக்கும் இந்தப் பெயர்தான். அந்த நாட்டில் இந்தத் துறைக்கே தந்தை என்று கொண்டாடப்படும் மார்ட்டெல் சட்டம் படித்தவர்! 1895-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கேப்பிங் கில் என்ற, சுமார் 100 மீட்டர் ஆழமுள்ள செங்குத்துக் குழியில் கயிற்று ஏணி போட்டு முதலில் அடிவரை இறங்கியவரும் அவர்தான். அந்த ஊர்ப்பக்கம் இப்படிக் குழியில் இறங்குகிறவர் ‘பாட்ஹோலர்’. இதில் யாரும் கோபித்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

கேள்வி: இந்தப் பெயர்ச் சண்டையில் நிஜமாகவே அநியாயம் நடந்தது யாருக்கு?

பதில்: ஸ்டீபன் பிஷப்புக்கு. சந்தேகமே வேண்டாம். கென்டக்கியின் மாமத் குகையில் 1838-இல் வேலைக்கு விடப்பட்ட கறுப்பின அடிமை இளைஞர். யாரும் தாண்டத் துணியாத ‘அடியில்லாப் பள்ளம்’ என்ற குழியைத் தாண்டி, அந்தப் பக்கம் இருந்த பாதைகளையும் நிலத்தடி ஆறுகளையும் கண்டுபிடித்தார். 1842-இல் நினைவிலிருந்தே குகையின் வரைபடத்தைப் போட்டார், அது அவர் பெயரோடு 1845-இல் அச்சாகிப் பல பத்தாண்டுகள் பயன்பட்டது. இத்தனைக்கும் அவருக்குக் கிடைத்த பட்டம் ‘வழிகாட்டி’. அவர் பின்னால் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போன கனவான்கள் பயணிகள், அறிஞர்கள். விடுதலை கிடைத்தது 1856-இல், மறுவருஷமே இறந்துவிட்டார். ‘வழிகாட்டி, ஆய்வுப் பயணி’ என்று இரண்டும் பொறித்த கல் அவர் சமாதிக்கு வந்தது 1881-இல்தான், அதிலும் இறந்த வருஷத்தை 1859 என்று தப்பாகப் போட்டிருக்கிறார்கள்.