கட்டணமில்லாத செயலிகளைக் கொண்டு வகுப்பில் மாணவர்களின் ஆர்வத்தைத் தூண்ட முடியுமா?

முடியும். நீங்களும் என்னைப் போல, நம்பகமான இணைய இணைப்பு இல்லாத அரசுப் பள்ளியில் பாடம் நடத்துபவர் என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒலியின் வேகத்தைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டே கடந்து வந்தேன். சென்ற ஆண்டு, ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை என் கைபேசியிலும் சக ஆசிரியையின் கைபேசியிலும் நிறுவினேன். அதிலுள்ள ஒலி நிறுத்துக் கடிகாரம் ஒரு சத்தம் கேட்டதும் ஓடத் தொடங்கி, அடுத்த சத்தத்தில் நின்றுவிடும்; இணையம் தேவையில்லை.

மைதானத்தில் 10 மீட்டர் இடைவெளியில் இரு கைபேசிகளையும் வைத்தோம். முதல் கைபேசியருகே ஒரு மாணவி கைதட்டியதும் அது உடனே ஓடத் தொடங்கும். மற்றதோ ஒலி வந்து சேர்ந்த பிறகுதான் தொடங்கும். இரண்டாவதன் அருகே இன்னொருத்தி தட்டும்போது அது உடனே நிற்க, முதலாவது தாமதித்து நிற்கும். ஆகவே, இரண்டும் காட்டும் நேரங்களின் வேறுபாடு, ஒலி 20 மீட்டர் கடக்க எடுத்துக்கொண்ட நேரமாகும்.

முதல் நாள் காக்கைகளும் பேருந்தின் ஒலிப்பானும் கடிகாரத்தை மாற்றி மாற்றி ஓட்டியதால் எதுவும் தேறவில்லை. மறுநாள், செயலி எவ்வளவு உரத்த சத்தத்திற்கு இயங்க வேண்டும் என்ற அளவை உயர்த்தி, காலை வழிபாட்டுக்கு முன்பே செய்து பார்த்தோம். வேறுபாடு 0.058 வினாடி, வேகம் வினாடிக்குச் சுமார் 345 மீட்டர். வகுத்துப் பார்த்த பெண் சொன்ன முதல் வார்த்தை, "கணக்குல 340னுதானே டீச்சர் இருந்துச்சு?" என்பதுதான். அந்த ஒரு கேள்விக்காகவே இத்தனை ஆண்டுகள் காத்திருந்தேன் என்று தோன்றியது. சுழியம் டிகிரியில் 331 மீட்டராக இருக்கும் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும் என்பதையும், அன்றைய 27 டிகிரிக்கு 347 வர வேண்டும் என்பதையும் அவர்களே கணக்கிட்டார்கள்.

கைபேசியைக் காட்டி ஆசிரியர் வேலையைத் தட்டிக்கழிப்பதாகச் சிலர் சொல்லக்கூடும். அந்த ஒரு பாடவேளைக்கு நான் இரண்டு மாலைகள் வீட்டில் ஒத்திகை பார்த்தேன் என்பதே அவர்களுக்கு என் பதில். நாங்கள் சென்ற பயிற்சிகளிலோ, விவரங்களைப் பதிவேற்றும் செயலிகளுக்கு நாள்கணக்கில் நேரம் கிடைத்தது. பாடம் நடத்த உதவும் செயலி ஒன்றைக்கூட எவரும் கையில் கொடுத்துக் காட்டவில்லை. இந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மதிய வெயிலில் வேகம் கூடுமா என்று இப்போது மாணவிகள் கேட்கிறார்கள். எட்டு டிகிரி உயர்ந்தாலும் எங்கள் 10 மீட்டரில் நேரம் ஆயிரத்தில் ஒரு வினாடிகூட மாறாது. அந்தச் சிறு மாற்றம் அளவீட்டுப் பிழையில் மறைந்துவிடும். எனவே இடைவெளியை 50 மீட்டராக்கத் திட்டமிட்டிருக்கிறோம். அவ்வளவு தொலைவுக்குக் கைதட்டல் எட்டாது என்பதால், சத்துணவுத் தட்டையும் கரண்டியையும் கொண்டுவருவதாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.