மலையாளப் படங்களில் கேரளத்தைப் பார்ப்பது எப்படி?

கேள்வி: ஓடிடியில் மலையாளப் படங்களை விரும்பிப் பார்க்கிறேன். “கேரளத்து வாழ்க்கையை அப்படியே காட்டுகிறார்கள்” என்கிறார்கள் நண்பர்கள். அது எவ்வளவு உண்மை? ஒரு படத்தை வைத்து அந்த மண்ணைப் புரிந்துகொள்வது எப்படி?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கேரளம் முழுவதையும் காட்டும் படம் என்று ஒன்று கிடையாது. நல்ல மலையாளப் படம் ஓர் ஊரை, அதில் ஒரு சமூகத்தை, பல சமயம் ஒரே ஒரு வீட்டைத்தான் காட்டும். படம் தொடங்கியதுமே எந்த மாவட்டம், எந்தச் சமூகம், நிலம் யார் கையில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாவட்டத்துக்கு வண்டிகளின் நம்பர் பிளேட் உதவும்: கேஎல் 06 இடுக்கி, 10 மலப்புரம், 14 காசர்கோடு. அப்பாவைக் கூப்பிடுவதிலேயே சமூகம் ஓரளவு பிடிபடும். அச்சன் என்றால் பெரும்பாலும் இந்து வீடு, அப்பச்சன் என்றால் சிரியன் கிறிஸ்தவ வீடு, உப்பா என்றால் மலபார் முஸ்லிம் வீடு. தமிழ் டப்பிங்கில் இதெல்லாம் போய்விடும். சப்டைட்டிலோடு மலையாளத்திலேயே பாருங்கள்.

நிலத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்து, குத்தகைதாரருக்கே நிலம் போனது. 1976-ல் கூட்டுக் குடும்பச் சொத்துமுறையும் சட்டப்படி முடிந்தது. இதை மனதில் வைத்து அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’ (1981) பாருங்கள். தோட்டத்தில் மாடு நுழைந்தால் பழைய நிலவுடைமைக் குடும்பத்தின் தலைவரான நாயகன் உண்ணி எழுந்து விரட்டமாட்டார், சகோதரி ராஜம்மாவைக் கூப்பிடுவார். வழியில் தண்ணீர் தேங்கியிருந்தால் தாண்டாமல் வீட்டுக்கே திரும்பிவிடுவார். சோம்பேறி ஒருவரின் கதை என்று நினைத்தால் படம் நகராததுபோல் தோன்றும். குத்தகை நெல்லையும் வீட்டுப் பெண்களின் உழைப்பையும் நம்பி வாழ்ந்த ஒரு வர்க்கம், அது போனபின் திகைத்து நிற்பதைத்தான் பார்க்கிறோம். சொத்தில் அக்கா பங்கு கேட்கும்போது உண்ணி நழுவுவதும் அதனால்தான். ‘தேவாசுரம்’ (1993) அதே தறவாட்டு (பழைய கூட்டுக் குடும்ப வீட்டு) முற்றத்தை ஊரை அதட்டும் நாயகனின் மேடையாக்கியது, மக்கள் கொண்டாடினார்கள். இழந்த அதிகாரத்தின் மீதான அந்த ஏக்கமும் கேரளத்தில் இருந்ததுதான். அதையும் தவறாமல் பாருங்கள்.

ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ (2021) படத்தை இரண்டாம் முறை அடுக்களைக்காக மட்டும் பாருங்கள். மாமனாருக்குச் சோறு விறகடுப்பில்தான் வேக வேண்டும், சட்னி அம்மியில்தான் அரைக்க வேண்டும், துணியை மெஷினில் போடக் கூடாது. சிங்க் குழாய் ஒழுகுகிறது. சரிசெய்ய ஆள் கூப்பிடும்படி மருமகள் கணவனிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறாள், அவன் காதில் ஏறுவதில்லை. பிற்பாதியில் சபரிமலை விரதம் வருகிறது. எல்லா வயதுப் பெண்களும் அந்தக் கோயிலுக்குப் போகலாம் என்று 2018 செப்டம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், கேரளத்தில் அதற்குக் கிளம்பிய எதிர்ப்பும் தெரிந்தால்தான் மாதவிலக்கு நாட்களில் அவளை ஒதுக்கிவைக்கும் காட்சிகள் முழுதாக உறைக்கும்.

திரையில் யார் இல்லை என்றும் கவனியுங்கள். முதல் மலையாளப் படமான ‘விகதகுமாரன்’ எடுத்த ஜே.சி. டேனியல், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அகஸ்தீஸ்வரத்துக்காரர். அதில் நாயர் பெண்ணாக நடித்த தலித் நாயகி பி.கே. ரோஸி, ஆதிக்கச் சாதியினரின் தாக்குதலால் ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. தலித் வாழ்க்கையையும் கொச்சி நகரம் விழுங்கிய நிலத்தையும் சேர்த்துச் சொன்ன படம் ராஜீவ் ரவியின் ‘கம்மட்டிப்பாடம்’ (2016).

கிச்சனில் தொடங்கி, கம்மட்டிப்பாடம், தேவாசுரம் பார்த்துவிட்டு எலிப்பத்தாயத்துக்கு வாருங்கள். அதில் வசனம் குறைவு. தூக்கக் கலக்கத்தில் பார்க்க வேண்டாம்.